நான்காம் கூறு

நமது பாடசாலைச் சுவர்களில் எழுதப்படும் வாசகங்களுள் சுத்தத்தைப் பற்றியது ஒருபோதும் தவறுவதில்லை. சுத்தமாயிருப்பவன் சுகமாயிருப்பான் என்று எழுதுகிறோம். பிள்ளைகளைக் கொண்டு உரக்க வாசிப்பிக்கிறோம். நோயுற்றவன் அசுத்தமானவன் என்ற மறுபாதியை நாம் எழுதுவதில்லை. எழுதாவிட்டால் என்ன? பிள்ளைகள் அதனையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறார்கள். கற்பித்த நாமும் அதையே நம்புகிறோம்.

நானும் நம்பினேன். மன்னார்த் தீவிலே ஆசிரியத் தொழிலை ஏற்ற முதலாம் ஆண்டில், ஆறாந் தரத்து மாணவன் ஒருவன் வாயோரத்திலும் முழங்கால்களிலும் தேன்நிறப் பொருக்குப் படிந்த சிரங்குகளோடு வகுப்புக்கு வந்தான். “வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, புண் ஆறிய பிறகு வா” என்றேன். வகுப்புச் சிரித்தது. அவன் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போனான். மூன்று வாரம் வரவில்லை. அவன் அன்று காலையிலும் குளித்துவிட்டே வந்திருந்தான் என்பதையும், குளித்த கிணற்றின் நீர் வாயில் வைக்க முடியாத உவர் நீர் என்பதையும், வீட்டிலுள்ள நால்வருக்கும் ஒரே துவாய்தான் என்பதையும் பின்னர் அறிந்தேன். நான் அவனுக்குச் செய்தது சுகாதாரப் போதனை என்று அன்று எண்ணியிருந்தேன். அது தண்டனை.

என் தவற்றுக்கு வருந்துவது மட்டுமே நோக்கமாயின் இதனை நாட்குறிப்பிலே எழுதி மூடிவைத்திருக்கலாம். அத்தவறு நமது படித்த வர்க்கம் முழுவதற்கும் பொதுவானது என்பதனாலேயே இங்கு எழுதுகிறேன். தோலிலே கிருமி பற்றிய ஏழையைக் காணும்போது அவனது பழக்கவழக்கத்தைப் பற்றியே நாம் பேசுகிறோம். அவனுடைய தொழிலையும் தண்ணீரையும் கூலியையும் பற்றிப் பேசுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் புண்ணை யார் கழுவுவது, யார் கட்டுவது, அந்தக் கை ஆறும் வரை அவன் வீட்டு அடுப்பை யார் எரிப்பது என்ற கேள்வியை நாம் எழுப்புவதேயில்லை.

அக்கேள்வியை என்னிடம் எழுப்பியவர் எந்த அறிஞரும் அல்லர், க.பொ.த. சாதாரண தர வகுப்பிலே என்னிடம் தமிழ் கற்ற ஒரு மாணவி.

மன்னார்த் தீவின் கடற்கரைக் கிராமங்களுள் ஒன்று கீரி. அவளுடைய தாய் அக்கரையிலே ஒரு வாடியில் மீன் வெட்டிக் கருவாடு போடும் கூலிப்பெண். அதிகாலையிலே வள்ளங்கள் கரை சேரும்போது அவள் வேலை தொடங்கும். மீனைக் கீறி, குடலை அகற்றி, உப்பிட்டு, வெயிலிலே பரப்பி, மாலையிலே அள்ளி முடிக்கும் வரையில் அவள் கைகள் உப்பிலும் ஊனத்திலும் ஊறிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் மீன்முள் ஒன்று பெருவிரலுக்குக் கீழே ஏறியது. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். அத்தொழிலிலே முள் ஏறாத நாள் ஏது? மூன்றாம் நாள் கை வீங்கிச் சிவந்தது, நான்காம் நாள் சிவப்பு முழங்கையை நோக்கி ஏறியது, கக்கத்திலே நெறி கட்டியது, குளிர்காய்ச்சலும் கண்டது. ஆஸ்பத்திரியிலே தங்கவைத்து, நரம்பு வழியாக மருந்தேற்றினார்கள். சில நாட்களிலே காய்ச்சல் தணிந்தது. குளிசைகளோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அனுப்பும்போது கூறிய அறிவுரைகள் ஐந்து. கையை உயர்த்தி வைத்திருக்க வேண்டும். ஈரம் படக்கூடாது. நாள்தோறும் சுத்தமான நீரால் புண்ணைக் கழுவித் துணி மாற்ற வேண்டும். புண் ஆறும்வரை மீன் வேலைக்குப் போகக்கூடாது. குளிசைகளை இடையில் நிறுத்தாமல் முழுவதும் விழுங்கிவிட்டு, குறித்த நாளிலே காட்ட வர வேண்டும்.

இவ்வைந்தில் ஒன்றேனும் தவறானதன்று. மருத்துவ நூல்கள் கூறுவனவும் இவையே. ஆனால் இரண்டு கிழமை கழித்து அவள் அதே கையோடு, முன்னிலும் மோசமான நிலையில், மீண்டும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். “சொன்னதைக் கேட்காத சனங்கள்” என்று அங்கே எவரோ சலித்துக்கொண்டதாக மாணவி கூறினாள். பிறகு சொன்னாள்: “கையைத் தூக்கி வைக்கச் சொன்னவையள் சேர். கையைத் தூக்கி வைச்சால் மீனை ஆர் வெட்டுறது?”

அந்த இரண்டு சொற்களுக்கு, ‘ஆர் வெட்டுறது’ என்பதற்கு, நமது சுகாதாரப் போதனையிலே விடை கிடையாது. விடையில்லாத போதனையை மீண்டும் மீண்டும் ஓதிவிட்டு, அது பலிக்காதபோது நோயாளியைப் பழிப்பதை எப்பெயரால் அழைப்பது?

முதலிலே நோயை அறிவோம். தோல் உடம்பின் மதில். அதிலே ஒரு கீறல் விழுந்தால், நம் தோலின் மேலேயும் மூக்கின் உள்ளேயும் சாதாரணமாகக் குடியிருக்கும் ஸ்ரபிலோகொக்கஸ், தொண்டையிலும் புண்களிலும் வாழும் ஸ்ரெப்ரோகொக்கஸ் போன்ற பக்டீரியாக்கள் உள்ளே நுழைகின்றன. மேற்தோலோடு நின்றால் அது பிள்ளைகளிடம் காணும் பொருக்குச் சிரங்கு. ஆழத்துக்கு இறங்கித் தோலடித் திசுக்களிலே பரவினால், சிவந்து வீங்கிச் சுடுகின்ற செல்லுலைற்றிஸ். மீனோடும் இறைச்சியோடும் தொழில் செய்வோரின் கைகளிலே வேறொரு கிருமியும் புகும். எரிசிப்பலோத்ரிக்ஸ் என்ற அக்கிருமியால் விரல்களிலே ஊதாச் சிவப்பான, எரிச்சல் மிகுந்த வீக்கம் தோன்றும். மீன் தொழிலாளர் நோய் என்று மருத்துவ உலகிலே வழங்குமளவுக்கு அது ஒரு தொழிலுக்குரிய நோய். கடல்நீரிலே வாழும் விப்ரியோ இனத்துக் கிருமியோ அரிதாகத் தாக்கினும் கடுமையாகத் தாக்கும். நீரிழிவோ ஈரல் நோயோ உள்ளவரிடம் அது சில மணி நேரத்திலேயே உயிருக்கு உலை வைக்கும்.

மீன் தொழிலாளியின் கையிலே புண் பழுப்பதற்கு முள், கத்தி, உப்பு, ஓயாத ஈரம் ஆகியவை காரணங்கள். இவற்றுள் எது அவளுடைய குணக்கேடு? எது அவள் விரும்பித் தேர்ந்துகொண்ட அசுத்தம்?

இனி மருத்துவத்துக்கு வருவோம். திருக்குறளிலே மருந்து என்ற அதிகாரத்தின் இறுதிக் குறளை நாம் வகுப்பிலே கற்பிக்கிறோம். நோயாளி, மருத்துவன், மருந்து என மூன்றோடு வள்ளுவர் நிறுத்தவில்லை. அருகிருந்து பேணுகின்றவரை நான்காம் கூறாக, மற்ற மூன்றுக்கும் சரிநிகராக வைத்தார். உழைச்செல்வான் என்பது அவர் இட்ட பெயர். உழை என்பதற்கு அங்கே பக்கம் என்றே பொருள். உழைப்பு என்று பொருள்கொள்வது உரையாசிரியருக்கு உடன்பாடாகாது. ஆயினும், பக்கத்திலே இருந்து பேணுவதுதான் உழைப்புகளுள்ளே மிகக் கடினமான உழைப்பு என்பதை, ஓர் இரவேனும் நோயாளியின் அருகிலே விழித்திருந்தவர் அறிவர்.

பரிமேலழகர் இந்நான்கினையும் மேலும் நந்நான்காகப் பகுத்துரைக்கிறார். பேணுபவருக்கு வேண்டியவற்றுள் அன்பும் தூய்மையும் மட்டுமல்ல, அறிவுடைமையும் ஒன்று என்கிறார். நோயாளிக்கு வேண்டிய நான்கினுள் ஒன்று யாது தெரியுமா? பொருளுடைமை! இது உரையாசிரியரின் குற்றமன்று. அவர் தம் காலத்து உலகத்தை உள்ளபடி கூறினார். பொருளில்லாதவன் நோயாளியாக இருக்கவும் தகுதியற்றவனாயிருந்தான். இலவச மருத்துவம் என்ற பெரும் பேற்றை நமது நாட்டு மக்கள் அடைந்த பின்னர் இந்நிலை மாறிவிட்டதென்று பெருமை கொள்கிறோம். அப்பெருமையிலே நியாயமுண்டு. ஆனால் மாறியது எவ்வளவு? மருத்துவனும் மருந்தும் இலவசமாயினர். நான்காம் கூறு எங்கே போயிற்று? ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் அது வீட்டுப் பெண்ணின் தலையிலே ஏறிக்கொண்டது.

மருந்தின் பெருமையை எவரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. 1941ஆம் ஆண்டு பெப்ரவரியிலே ஒக்ஸ்போட் நகரத்து ஆஸ்பத்திரியில் அல்பேட் அலெக்சாண்டர் என்ற போலிஸ்காரருக்கு முதன்முதலாகப் பென்சிலின் சிகிச்சை அளித்தார்கள். முகத்திலே தொடங்கிய கிருமித்தொற்று அவருடைய கண்ணையும் நுரையீரலையும் அழித்துக்கொண்டிருந்தது. மருந்து ஏறியதும் சில நாட்களிலே காய்ச்சல் தணிந்தது. அவர் உணவு உண்டார். ஆனால் அன்று உலகிலே இருந்த பென்சிலின் அவ்வளவுதான். அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றியும் போதவில்லை. மார்ச் மாதத்திலே அவர் இறந்தார். மருந்து தீர்ந்ததால் ஒருவர் இறந்த அந்த நாளிலிருந்து மனிதகுலம் வெகுதூரம் வந்துவிட்டது. இன்று அம்மருந்து குளிசையாகவும் ஊசியாகவும் சாதாரணமாகக் கிடைக்கிறது. எனினும், மருந்து கிடைத்த கீரிக் கரைப் பெண் இரண்டு கிழமையிலே மீண்டும் படுக்கையிலே விழுந்தாளே, அதற்கு யார் பொறுப்பு?

பராமரிப்பு என்றால் துணி மாற்றுவதும் ஆறுதல் கூறுவதும் என்றே பலர் எண்ணுகின்றனர். பயிற்சி பெற்ற தாதி ஒருவர் இந்நோயாளியிடம் என்ன செய்கிறார் என்று கூர்ந்து கவனித்தால் அவ்வெண்ணம் மறையும். சிவப்பின் எல்லையைச் சுற்றிப் பேனாவால் கோடு வரைந்து, நாளும் நேரமும் குறிக்கிறார். மறுநாள் சிவப்பு கோட்டுக்குள் அடங்கியிருந்தால் மருந்து வெல்கிறது. கோட்டைத் தாண்டியிருந்தால் மருத்துவரை அழைக்க வேண்டும். ஒரு பேனாக் கோட்டிலே அடங்கிய இந்த எளிய அறிவு எத்தனையோ கைகளையும் கால்களையும் காத்திருக்கிறது. வீங்கிய உறுப்பைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பதால் தேங்கிய நீர் வடிகிறது, வலியும் குறைகிறது. கால் வீங்கிய நோயாளியின் கால்விரல் இடுக்குகளை விரித்துப் பார்க்கிறார். அங்கேயுள்ள சேற்றுப்புண்தான் பெரும்பாலும் கிருமி நுழைந்த வாசல். அவ்வாசலை அடைக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் நோய் திரும்பி வரும். நீரிழிவு உண்டா, பாதத்திலே உணர்ச்சி உண்டா என்று சோதிக்கிறார். புண்ணுக்குப் பொருந்தாத அளவு கடும் வலி, கருநீலக் கொப்புளம், மயக்கம், மிக வேகமான பரவல் ஆகிய அடையாளங்களில் ஒன்றைக் கண்டாலும் ஒரு நிமிடமும் தாமதியார். ஒவ்வொரு நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கை கழுவுகிறார்.

இவை கருணையினால் மட்டும் வருவன அல்ல, கற்று வருவன. பரிமேலழகர் கூறிய அறிவுடைமை இதுவே.

இத்தகைய பராமரிப்பின் பலனை அளந்து பார்த்தவர்களும் உண்டு. கராச்சி நகரின் ஏழைக் குடியிருப்புகளிலே நடத்திய ஆய்வொன்று 2005இல் வெளியாயிற்று. சில குடியிருப்புகளில் வீடுகளுக்குச் சவர்க்காரத்தை இலவசமாகக் கொடுத்து, ஒவ்வொரு வாரமும் ஊழியர் நேரில் சென்று கை கழுவும் முறையைக் காட்டி ஊக்கினார்கள். அவ்வீடுகளிலே 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் பொருக்குச் சிரங்கு, சவர்க்காரம் கொடுக்கப்படாத குடியிருப்புகளை விட 34 வீதம் குறைந்தது. சாதாரணச் சவர்க்காரமும், கிருமிகொல்லி கலந்த விலைகூடிய சவர்க்காரமும் ஒரே பலனைத் தந்தன. 2020இல் அவுஸ்திரேலியாவின் கன்பராவிலிருந்து மற்றோர் ஆய்வு வந்தது. நாட்பட்ட கால் வீக்கத்தோடு அடிக்கடி செல்லுலைற்றிஸ் காணும் 84 பேரை இரு பிரிவாக்கி, இரு பிரிவினருக்கும் அறிவுரை கூறினர். ஒரு பிரிவினருக்கு மட்டும் காலை இறுக்கி அணைக்கும் உறைகளையும் தொடர்ந்த கவனிப்பையும் கொடுத்தனர். அறிவுரை மட்டும் பெற்றோரில் 40 வீதமானோருக்கு நோய் திரும்பியது. உறையும் கவனிப்பும் பெற்றோரில் 15 வீதமானோருக்கே திரும்பியது. வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்தமையால் ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அன்பர்களே, இவ்விரு ஆய்வுகளிலும் வெற்றி பெற்றது எது? கராச்சியிலே போதனை மட்டும் போகவில்லை. கையிலே சவர்க்காரமும், வாசலிலே மனிதரும் போனார்கள். கன்பராவிலே அறிவுரையை மட்டும் பெற்றவர்களே தோற்றார்கள். நமது நாட்டிலே நாம் கீரிக் கரைக்கு எதனை அனுப்புகிறோம்? அறிவுரையை மட்டும்!

இவ்விடத்தே சிலர் குறுக்கிடுவர். “எல்லாம் சரி, ஆனால் இம்மக்களிடம் அறியாமை மிகுதி. சாம்பலைப் பூசுகிறார்கள், இலையை அரைத்துக் கட்டுகிறார்கள், முற்றிய பின்னரே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்” என்பர். அறியாமை இல்லையென்று நான் வாதாடவில்லை. சாம்பலும் சாணமும் புண்ணுக்குக் கேடு என்பதை நாம் உரத்துக் கூறத்தான் வேண்டும். பழமை என்பதற்காக அதனைப் போற்றுவது மக்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் முற்றிய பின்னர் வருவதன் காரணம் அறியாமை மட்டும்தானா? ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு நாள் கூலியில்லாத நாள். பஸ் கட்டணம் உண்டு. சிறு பிள்ளையை யாரிடமாவது விட்டுச்செல்ல வேண்டும். இக்கணக்கை அவள் நன்றாக அறிவாள். அக்கணக்கை அறியாதவர்கள் நாமே.

சுத்தமான நீரால் கழுவு என்கிறோமே, அந்நீரின் கதையையும் கேளுங்கள். மன்னார்த் தீவின் மணலுக்கடியிலே நன்னீர் ஒரு மெல்லிய படலமாக உவர்நீரின்மேல் மிதக்கிறது. வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவரும் மாரி மழையே அதற்குப் பெரும் வரவு. கோடையிலே அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலேறும். இத்தகைய மண்ணிலே நன்னீர் என்பது அளந்து செலவிடும் பொருள். குடிக்கவா, சமைக்கவா, புண்ணைக் கழுவவா என்று தாய் ஒருத்தி தெரிவு செய்ய நேரும் இடத்தில், சுத்தம் ஒழுக்கத்தின் அளவுகோலாகுமா? அது வசதியின் அளவுகோல் ஆகிவிடுகிறதே!

வேறு சிலர் ஊசியை நம்புகிறார்கள். கடுமையான மருந்தாகக் கொடுத்துவிட்டால் போதும், பராமரிப்பு எதற்கு என்பது அவர்கள் எண்ணம். நோயாளிகளும் இதற்குப் பழகிவிட்டனர். பாமசியிலே ஐந்தாறு குளிசைகளை வாங்கி விழுங்குவதும், வலி குறைந்ததும் நிறுத்துவதும் வழக்கமாயிற்று. மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் கூலி இழக்க வேண்டியவனுக்குப் பாமசிதான் கைக்கெட்டிய ஆஸ்பத்திரி. இதன் விளைவு அவனோடு முடிவதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. 2019ஆம் ஆண்டிலே மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்கள் நேரடியாகக் காரணமான மரணங்கள் உலகெங்கும் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பராமரிப்பைச் சிக்கனம் செய்து மருந்தை வீணாக்கும் சமுதாயம், நாளைக்குத் தன் பிள்ளைகளுக்கு வேண்டிய மருந்தை இன்றே செலவழித்துத் தீர்க்கிறது.

மூன்றாவது வகையினர் நம்மிடையேதான் அதிகம். அவர்கள் பராமரிப்பைப் போற்றுவார்கள். தாயன்பு என்பார்கள், பெண்மையின் தியாகம் என்பார்கள், தாதியரை வெண்ணிற ஆடைத் தேவதைகள் என்று மேடையிலே வருணிப்பார்கள். இப்புகழ்ச்சி இழிவுபடுத்தலைவிடத் தீங்கானது. ஏனெனில் தேவதைக்குச் சம்பளம் வேண்டாம், ஓய்வு வேண்டாம், உதவியாளும் வேண்டாம். புளோரன்ஸ் நைற்றிங்கேலையும் நமது பாடநூல்கள் இரவிலே விளக்கேந்தி நடந்த கருணைத் தெய்வமாகவே காட்டுகின்றன. கிரைமியப் போரிலே 1854ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரிக்குச் சென்ற அப்பெண்மணி, மரணங்களைக் கணக்கெடுத்தவர்; போர்க்காயத்தைவிட நோயே அதிகமான வீரர்களைக் கொன்றது என்பதை வரைபடமாக்கி ஆட்சியாளரின் முகத்துக்கு முன்னே நீட்டியவர். அவர் கேட்டது புகழ்ச்சியை அன்று. வடிகாலையும் காற்றோட்டத்தையும் பயிற்சி பெற்ற தாதியரையும். விளக்கை வைத்துக்கொண்டோம், கணக்கை மறந்துவிட்டோம்.

வீட்டிலே இந்தத் தியாகம் எப்படி நடைபெறுகிறது? தாயின் கை வீங்கியதும் என் மாணவியின் படிப்பு நின்றது. விடியலிலே தண்ணீர் எடுத்தாள், சமைத்தாள், தம்பியைப் பள்ளிக்கு அனுப்பினாள், தாயின் புண்ணைக் கழுவிக் கட்டினாள். புண்ணை எப்படிக் கழுவுவது, எப்போது பயப்பட வேண்டும் என்பதை அவளுக்கு எவரும் காட்டிக்கொடுக்கவில்லை. பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி, பயிற்சியின்றி, ஊதியமின்றி, ஒரு தாதியின் வேலையைச் செய்தாள். பிறகு தாயின் கூலி நின்றுபோகாதிருக்க வாடிக்கும் போனாள். தாய்க்குப் பதிலாக அவளே மீன் வெட்டினாள். ‘ஆர் வெட்டுறது’ என்று அவள் கேட்டதற்கு விடை கிடைத்துவிட்டது, அவள்தான்! வரவுப் பதிவேட்டிலே அவள் பெயருக்கு எதிரே நான் இட்ட அடையாளங்களைத் திரும்பிப் பார்க்கிறேன். அரசாங்கத்தின் சுகாதாரச் செலவிலே சேராத ஒரு செலவு அங்கே பதிவாகியிருக்கிறது.

தாதியரைக் குறைகூறுவதாக எவரும் இதனைத் திரித்துக் கொள்ளலாகாது. மாணவியின் தாயைப் பார்க்கச் சென்ற மாலையிலே, நிறைந்து வழிந்த விடுதியில் ஒரு தாதி கட்டிலுக்குக் கட்டில் ஓடிக்கொண்டிருந்ததை நான் கண்டேன். வீட்டுக்குச் செல்லும் ஒவ்வொருவரிடமும் அமர்ந்து பேச அவருக்கு ஆசையில்லாமலா போயிற்று? நேரமில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நமது ஆஸ்பத்திரிகள் மருந்துக்குத் தவித்தன. வைத்தியர்களும் தாதியரும் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தனர். வெளிநாட்டு முதியோரின் புண்களை நமது தாதியரின் கைகள் கழுவுகின்றன. அவர்களைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. உரிய ஊதியமும் மதிப்பும் கொடுத்து இருத்திக்கொள்ளாத அமைப்பையே பழிக்க வேண்டும்.

அவ்வாறாயின் செய்ய வேண்டியது என்ன? முடியாத காரியம் எதனையும் நான் கேட்கவில்லை. 1926ஆம் ஆண்டிலே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அவ்வழியிலே வளர்ந்த நமது பொதுச் சுகாதார சேவை, குடும்பநல மாதுவைத் தோட்டத்துக்கும் தீவுக்கும் குக்கிராமத்துக்கும் அனுப்பியது. கருவுற்ற தாயின் வீட்டுவாசலுக்கு அரசாங்கத்தின் ஊழியர் ஒருவர் தேடிச்செல்வார் என்பதை இந்த வறிய நாடு சாதித்துக் காட்டிற்று. தாய் சேய் மரணங்கள் குறைந்ததிலே அந்தக் கால்நடைக்குப் பெரும் பங்குண்டு. பிரசவத்துக்கு வாசல்வரை வரும் அரசு, பழுத்த கைக்கும் வீங்கிய காலுக்கும் வரலாகாதா? ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நோயாளியை மூன்றாம் நாள் தேடிவந்து, கோட்டைப் பார்த்து, புண்ணைக் கட்டி, வீட்டாருக்குக் கட்டும் முறையைக் காட்டிச் செல்லும் ஒரு தாதி. கடல் வேலை முடியும் மாலை நேரத்திலே கரையோரத்தில் திறந்திருக்கும் ஒரு கட்டு அறை. இவ்விரண்டும் மீனவக் கிராமங்களுக்கு வேண்டும்.

இரண்டாவதாக, வாடிக்கு நீரும் சவர்க்காரமும் வேண்டும். வெட்டுத் தாங்கும் கையுறையும், நல்ல காலணியும், காயத்தை உடனே கழுவ ஒரு குழாயும், மருந்துப் பெட்டியும் வாடியிலே இருப்பது கருணையன்று. தொழில் நடத்துவோரின் கடமை. மூன்றாவதாக, தொழிலிலே பட்ட காயத்துக்குக் கூலி வேண்டும். வேலையாட்களின் நட்டஈட்டுச் சட்டம் இந்நாட்டிலே 1934ஆம் ஆண்டிலேயே வந்தது. ஆனால் நாட்கூலிக்கு மீன் வெட்டுகின்றவளுக்கு நியமனக் கடிதம் ஏது? யாருடைய தொழிலாளி என்ற பதிவே இல்லாதவள் எச்சட்டத்தின் நிழலிலே ஒதுங்குவாள்? அவள் பெயரை ஏட்டிலே ஏற்றுவதற்குச் சங்கம் வேண்டும். சங்கத்துக்கு நம் போன்றோரின் துணை வேண்டும். ஓய்வு எடு என்பது மருத்துவ வாக்கியம். அவ்வோய்வுக்கு ஊதியம் கொடு என்பது அரசியல் வாக்கியம். இரண்டாவதைக் கூறாமல் முதலாவதை மட்டும் கூறுவது ஏமாற்று.

இறுதியாக ஆசிரியர்களாகிய நமக்கும் மாணவத் தோழர்களுக்கும் ஒரு சொல். பிள்ளைகளின் பொருக்குச் சிரங்கு அற்பமான காரியம் அன்று. ஸ்ரெப்ரோகொக்கஸ் பற்றிய சிரங்கு ஆறிய சில வாரங்களின் பின்னர், சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் அழற்சியுறுவதுண்டு. காலையிலே முகம் அதைத்து, சிறுநீர் தேநீர் நிறமாகும். அப்பிள்ளையை அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். சிரங்கைக் கண்ட ஆசிரியர் பிள்ளையை விரட்டிவிட்டால் இவ்வடையாளத்தைக் காண்பவர் யார்? புண்ணை மெதுவாகச் சவர்க்காரமிட்டுக் கழுவச் செய்து, துணியால் மூடி, மருத்துவரிடம் அனுப்பி, சிகிச்சை தொடங்கி ஓரிரு நாளில் வகுப்புக்கு மீட்டெடுப்பதே முறை. நகத்தை வெட்டவும், துவாயைப் பிரித்து வைக்கவும் கூறலாம்; இரண்டாவது துவாய் வீட்டிலே உண்டா என்று முதலிலே கேட்க வேண்டும். தாயின் நோயால் வராமலிருக்கும் மாணவியின் வீட்டுக்குப் பாடக் குறிப்புகளை எடுத்துச்செல்ல மாணவர் குழுவொன்று போதும். பாடசாலையிலே குழாயும் சவர்க்காரமும் இல்லாதவரை, சுவரிலே சுத்தத்தைப் பற்றி எழுதுவதற்கு நமக்கு உரிமையில்லை.

என் பாடசாலையில் அவ்வாசகம் இன்னும் சுவரிலேயே இருக்கிறது. அதன் கீழே குழாயொன்று பொருத்த வேண்டுமென்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்; இதுவரை பதிலில்லை. மீண்டும் எழுதுவேன். அந்த மாணவி இப்போது வகுப்புக்கு வருகிறாள். சென்ற கிழமை திருக்குறளின் அவ்வதிகாரத்தைப் படித்தோம். நான்கு கூறுகளையும் கரும்பலகையிலே எழுதி, நான்காமவர் யார் என்று கேட்டேன். வகுப்பு யோசித்துக்கொண்டிருக்க, அவள் எழுந்து, “அது நான்தான் சேர்” என்றாள்.

இம்முறை எவரும் சிரிக்கவில்லை. ஆனால் அவ்விடை சரியானதாயிருத்தல் ஆகாது. அவ்விடத்திலே ஒரு பிள்ளை நிற்கலாகாது. பயிற்சியும் ஊதியமும் பெற்ற ஒரு தாதி நிற்க வேண்டும். அவருக்குப் பின்னே ஒரு சமுதாயம் நிற்க வேண்டும். அதுவரை நமது இலவச மருத்துவம் முக்காற் பங்கு மருத்துவமே.